கோடித்தீவுக்கு ஒரே ஓர் அழைப்பு

காலை ஏழே முக்காலுக்கு நகர்பாலம் மேலத்தீவை விட்டுக் கிளம்பியது. ஒரு முனை நிலக்கரை அச்சில் பொருந்தியிருக்க, ஒன்றரை கிலோமீட்டர் எஃகுச் சாலை மிதவைக்கால்களின் மேல் மெல்லத் திரும்பிச் சந்தைத்தீவைத் தொட்டது.

கட்டுப்பாட்டு அறையில் ரெஜினாவின் தொலைபேசி ஒலித்தது. அக்கா லில்லி. கோடித்தீவில் நண்டு வளர்ப்பவள்.

"ஏட்டி, மூச்சு இழுத்துப் பிடிக்குது. மருந்துக்குழல் தீந்துபோச்சு. ஆறு மணியிலேர்ந்து அழைப்பு பொத்தானை அமுக்குறேன், பாலத்தைக் காணோம்."

"பேசாதக்கா. உக்காரு. நான் வரேன்."

"நீ கட்டுன பாலம்தான? அதுட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

சொல்ல முடியாது. கடல் ஏறி ஊர் ஐந்து தீவுகளாக உடைந்தபோது, ஒரே பாலத்தை ஐந்துக்கும் நகர்த்தலாம் என்று திட்டம் தந்தவள் ரெஜினா. எந்தத் தீவில் அழைப்பு அதிகமோ, எந்தத் தீவுக்குப் போகக் கரையில் அதிகம் பேர் நிற்கிறார்களோ, அந்தப் பக்கம் தேவைமானி பாலத்தைத் திருப்பும். அதற்கு யாரும் ஆணையிட முடியாது. "விட்டா மந்திரி வீட்டு வாசல்லயே நிக்கும்" என்று வாதாடி அந்த வழியை அடைத்தவளும் அவளே.

தொடக்கத்தில் கோடித்தீவில் நானூறு வீடுகள். கூட்டம் குறைவென்று பாலம் குறைவாக வந்தது. பாலம் வராததால் ஆட்கள் கிளம்பினார்கள். கிளம்பக் கிளம்ப அழைப்பு இன்னும் குறைந்தது. நண்டுகளை விட்டுவர மனமில்லாமல் லில்லி மட்டும் மிஞ்சினாள்.

மருந்தை வாங்கிக்கொண்டு ரெஜினா கரை வாசலுக்கு ஓடினாள். பாலத்தில் ஏறிச் சந்தைத்தீவுக்குப் போக அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"கோடித்தீவுன்னு மாத்தி அமுக்குங்க. அக்காவுக்கு மூச்சுத் திணறுது. இருபது நிமிஷம்தான் தாமதமாகும்!"

முன்பு லில்லியின் அடுத்த வீட்டில் இருந்த மரியபுஷ்பம் தன் அழைப்பை மாற்றினாள். அவளோடு இன்னும் பத்துப் பேர். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "வேலைக்கு நேரமாச்சும்மா" என்றார் ஒருவர், அவள் முகத்தைப் பார்க்காமல். லில்லியையும் ரெஜினாவையும் சேர்த்து, வாசல் திரையில் கோடித்தீவின் எண் பதின்மூன்றில் நின்றது.

பாலம் வந்த வருடமே படகுகளெல்லாம் விறகாகிவிட்டன. துறைமுகத்தில் மிச்சமிருந்த மீட்புப் படகை எடுத்துப் போனபோது தண்ணீர் வற்றிப் பாதி வழியில் தரைதட்டியது. அவள் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. லில்லி நண்டுத் தொட்டியின் விளிம்பில் சாய்ந்தபடி குளிர்ந்திருந்தாள். ரெஜினா மருந்துக்குழலை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு அக்காவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் அடக்கத்துக்குக் கோடித்தீவை விட்டுப் போனவர்கள் எல்லாரும் மாலைகளோடு கரை வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகப் பொத்தானை அழுத்தினார்கள். எண் எண்ணூறைத் தாண்டியது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தைத்தீவை விட்டு விலகிய பாலம் கோடித்தீவின் பக்கம் அழகாகத் திரும்பிப் போய் நின்றது.

"பரவாயில்ல, உடனே வந்துட்டே" என்றாள் மரியபுஷ்பம் பாலத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கூட்டம் பாலத்தில் ஏறியது. அதைக் கட்டியவள் கடைசி ஆளாக நடந்தாள்.