புத்தம்புதிய பழைய வீடு

காலை ஆறு மணிக்கு மூன்றாம் வரிசை இழுப்பறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. நிலவின் தென்துருவக் குடியிருப்பில் அதற்குப் பெயர்தான் விடியல். 412-ஆம் இழுப்பறையிலிருந்து எழுந்த பூவராகன் பல் துலக்கி, வாய் கொப்பளித்த தண்ணீரைச் சிந்தாமல் சுவர்க்குழாயில் துப்பினார். மூன்று மணி நேரத்தில் அது சுத்தமாகி 415-ஆம் இழுப்பறைக்காரருக்குக் காபியாகிவிடும். அவர் துப்பியது மாலையில் இவருக்கு ரசமாக வரும். இதற்கெல்லாம் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

பூவராகன் குடியிருப்பின் சேதத் தணிக்கையாளர். எந்த இழுப்பறையில் கீறல், எந்தச் சுவரில் எண்ணெய்க் கறை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதுதான் முப்பத்தைந்து வருட உத்தியோகம். கீறியவருக்கு ஒரு வாரம் குளியல் ரத்து. மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. தன் மைத்துனனையே இரண்டு முறை குளிக்கவிடாமல் செய்தவர்.

அந்த வாரம் அவருக்குப் பணி ஓய்வு. ஓய்வு பெறும் தம்பதிக்குப் பூமியில் ஒரு வீடு கேட்கும் உரிமை உண்டு, ஆயுளில் ஒரே ஒரு தடவை. அது கைநழுவினால் கடைசிவரை இழுப்பறைதான். கீழ் இழுப்பறையில் படுக்கும் அவர் மனைவி நப்பின்னைக்கு ஒரே ஒரு ஆசை: கையால் தள்ளி ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டும். நிலவில் ஜன்னலைத் திறந்தால் குடியிருப்பே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அறுபத்திரண்டு வயதுவரை அது நடக்கவில்லை.

விளம்பரம் பூவராகனின் கண்திரையில் வந்தது. கண்திரை என்பது கருவிழிக்குள் பொருத்திய சின்னத் தகடு. கண்ணை மூடினாலும் விளம்பரம் விடாது. “விற்பனைக்கு: மல்பெரி காட்டேஜ், நெதர் விம்பிள்கோட் கிராமம், இங்கிலாந்து. கட்டியது 1690. வயது 524. நிலவிலிருந்து இதுவரை குடிவந்தவர்கள் பதினொருவர். இன்றும் புத்தம்புதிதாக இருக்கிறது.”

“பாத்தியா, பதினோரு பேர் இருந்தும் புதுசாவே வச்சிருக்காங்க” என்றார் பூவராகன். அவருக்கு வாயெல்லாம் பல்.

கிராமத்தில் அவர்களை வரவேற்றது எட்வின் என்ற ரோபோ, மரபு வீட்டுத் தணிக்கையர். விண்கலம் தரையிறங்கிய நான்கு நிமிடத்தில் தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தது. வைக்கோல் வேய்ந்த கூரை, கறுத்த ஓக் உத்தரங்கள், அலமாரியில் நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பைகள், வெல்வெட் சோபா. முதல் உத்தரத்திலேயே பூவராகன் தலையை இடித்துக்கொண்டார். வலி தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

“ஒரே நிபந்தனைதான், ஐயா” என்றது எட்வின். “பழைய வீடுகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி, ஒரு காலத்தில் யாருமே அவற்றில் வாழாமல் போய்விட்டார்கள். எனவே சட்டம் மாற்றப்பட்டது. நூறாவது நாள் என் தடமானியோடு வருவேன். மனிதர் வாழ்ந்த அடையாளத்தை அது அளக்கும். வாழ்ந்தவருக்கு வீடு சொந்தம். வாழாதவர் நிலவுக்குத் திரும்ப வேண்டும். முந்தைய பதினொருவரும் திரும்பியவர்களே.”

“வாழறதுதானே? வாழாம வேற என்ன பண்ணப் போறோம்?” என்று சிரித்துக்கொண்டே கைரேகை வைத்தார் பூவராகன்.

எட்வின் போனதும் நப்பின்னை நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். கொக்கியை நீக்கித் தள்ளினாள். காற்று முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“மூடு, மூடு! வெயில் பட்டா கம்பளம் வெளிறிப் போயிடும்!”

“இங்கிலாந்துல எங்கேங்க வெயில்?”

“இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அடிக்கும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வாரம் சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை வந்தது. இரண்டாம் வாரம் கோப்பைகள் இருந்த அலமாரி பூட்டப்பட்டது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்றார். அவர்களுக்குத் தெரிந்த மனிதர்கள் அத்தனை பேரும் நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். மூன்றாம் வாரம் முன்னறையே பூட்டப்பட்டது. ஓக் தரை தேயக்கூடாதென்று மனுஷர் சுவரோரமாகவே நடந்தார். ஒரு மாதத்தில் தன் நிலவுப் படுக்கைப்பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்கே குடிபோய்விட்டார். மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் நடுவில் நிம்மதியாகத் தூங்கினார்.

நப்பின்னை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்துவிட்டாள். “வாழ்ந்த அடையாளம் இருக்கணும்னுதானேங்க எழுதியிருக்கு? நீங்க என்னடான்னா துடைச்சுக்கிட்டே இருக்கீங்க!”

“எழுதுவாங்கடி, பேச்சுக்கு எழுதுவாங்க. கீறல் விழுந்தா சந்தோஷப்படற வீட்டுக்காரன் உலகத்துல உண்டா? முப்பத்தஞ்சு வருஷம் இதே வேலை பாத்தவன்கிட்ட சொல்றியே!”

“எக்கேடோ கெடுங்க. நான் வாழத்தான் போறேன்” என்று சொல்லிவிட்டு, அலமாரிப் பூட்டை ஒரு கரண்டியால் நெம்பி, நீலப்பூக் கோப்பையில் காபி ஊற்றிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ வாழ, அவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கடுகு தாளித்தால் அவர் சுவரைக் கழுவினார். அவள் கட்டிலில் படுத்து எழுந்தால் அவர் விரிப்பை இஸ்திரி போட்டார். தொண்ணூற்றெட்டாம் நாள் சாம்பார் பொங்கி, பாத்திரத்தை அவசரமாக ஓக் மேசையில் வைத்ததில், மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பூவராகன் துணியோடு ஓடிவந்தார். சோப்பு, எலுமிச்சை, உப்பு, எல்லாம் போட்டுத் தேய்த்தும் மஞ்சள் அசையவில்லை. கடைசியில் கிராமத்துக் கடையில் ஒரு லேஸ் விரிப்பு வாங்கிவந்து மேலே போட்டு மூடினார்.

நூறாவது நாள் காலை எட்வின் வந்தது. தடமானியை முன்னறையில் நீட்டியது. பூஜ்யம். சோபாவில் பூஜ்யம். மாடிப்படியில் முள் லேசாக அசைந்தது. “ஒருவரின் காலடி மட்டும்” என்று குறித்துக்கொண்டது. பூவராகன் பின்னாலேயே நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நப்பின்னை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் மனுஷருக்கு உறைக்கவில்லை.

சமையலறையில் எட்வின் லேஸ் விரிப்பைத் தூக்கியது. மஞ்சள் வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

அவ்வளவுதான், பூவராகன் பதறிப்போனார். “ஐயா, ஐயா! அது நான் இல்லீங்க! இவதான் பண்ணா! நான் இந்த வீட்டுல ஒரு பொருளைக்கூட உபயோகிச்சதில்ல. சோபால உக்காந்ததில்ல, கட்டில்ல படுத்ததில்ல, சத்தியமாச் சொல்றேன்!”

“ஐயோ, வாயை மூடுங்களேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் நப்பின்னை.

“இதை உறுதிமொழியாகப் பதிவு செய்யலாமா?” என்று கேட்டது எட்வின்.

“தாராளமாப் பதியுங்க!”

எட்வின் பதிந்தது. பிறகு நப்பின்னையின் பக்கம் திரும்பித் தலை வணங்கியது. “வாழ்த்துகள், அம்மா. ஐந்நூற்று இருபத்துநான்கு வருடங்களில் இந்த மேசையில் விழுந்த முதல் கறை இது. வீடு உங்களுடையது. ஐயா வியாழக்கிழமை விண்கலத்தில் திரும்ப வேண்டும்.”

பூவராகனின் முகம் வெளுத்துவிட்டது. மீண்டும் இழுப்பறை, அதுவும் தனியாக. அப்போதும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை, அதற்கு உறை போட்டிருக்கவில்லை என்பதால். நப்பின்னைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நாப்பது வருஷம் கூட இருந்தவருங்க. கிறுக்குதான். ஆனா என் கிறுக்கு. இவரை இங்கயே வச்சுக்க ஒரு வழி சொல்லுங்க.”

எட்வின் சட்டம் முழுவதையும் ஒரு நொடியில் புரட்டியது. “வழி இருக்கிறது. உபயோகப்படுத்தப்படாத பழம்பொருள்கள் வீட்டிலேயே இருக்கலாம். சென்ற நூற்றாண்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஐயா பிறந்தது?”

“2147” என்றாள் நப்பின்னை, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

“பொருந்துகிறது. பழம்பொருள் எண் 419, ஆண், ஒன்று. முன்னறையில் வைக்கவும். வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.”

பூவராகன் பெருமூச்சு விட்டார். போன உயிர் திரும்பி வந்தது. எட்வின் அவரைச் சுற்றி வந்து, தடமானியைத் தலைமுதல் கால்வரை மெதுவாக நகர்த்தியது. முள் அசையவே இல்லை.

“வியப்பாக இருக்கிறது” என்றது அது. “அறுபத்தேழு வருடங்களில் மனிதர்கள் மிகவும் தேய்ந்துபோயிருப்பார்கள். உங்களிடம் ஒரு கீறல்கூட இல்லையே. எப்படி இது முடிந்தது?”

பூவராகனுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“அதிகமா உபயோகிக்கலீங்க. பின்னாடி தேவைப்படும்னு பத்திரமா வச்சிருந்தேன்.”