ஒன்பதாம் தேதிப் பிரதி

ஒரு புள்ளி விட்டுப்போனது. பள்ளிக்கூடத்தில் புள்ளி வைக்க மறந்தால் தமிழ் வாத்தியார் தலையில் ஒரு குட்டோடு விட்டுவிடுவார். அவன் கணினியை ஓட்டும் லினக்ஸுக்கு அவ்வளவு இரக்கம் கிடையாது. இந்த ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழி என்று சொல்ல நினைத்தவன், அந்த ஒரு புள்ளி விடுபட்டதில், கணினியில் இருப்பதையெல்லாம் அழி என்று சொல்லி, என்டரையும் தட்டிவிட்டு, தேநீர் போடப் போனான். இருபது வருடமாக நாலு கம்பெனி சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். கோப்பையோடு திரும்பியபோது திரை கறுத்துக் கிடந்தது.

போனது வேலை மட்டும் என்றால் தன்னையே திட்டிச் சிரித்திருப்பான். அப்பாவின் குரல் அதில்தான் இருந்தது. மூன்று மாதம் முன்பு போய்ச் சேர்ந்தவர், கடைசி வாரத்தில் மூச்சு வாங்க வாங்கப் பேசிய நாற்பது நிமிடம். அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னடா மேதை, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அப்பா பேசினது அழிஞ்சுடுச்சுக்கா. நான்தான் அழிச்சேன்."

"ஊருக்கெல்லாம் பேக்கப் எடுங்கன்னு வகுப்பு நடத்துவியே. நீ எடுத்தியா?"

"அவர் போறதுக்கு முந்தின நாள் எடுத்தது இருக்கு. ஒன்பதாம் தேதி."

"அப்ப அதைத் திருப்பிப் போடு. போட்டுட்டுக் கூப்பிடு. அதுவரைக்கும் நான் அழலை."

டிராயரிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினான். பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி மீட்பைத் தொடங்கினான். பிரதியில் இருப்பது அப்படியே வரட்டும், அதில் இல்லாதது எதுவும் மிஞ்ச வேண்டாம் என்பதுதான் கட்டளை. சரியாகப் படித்துப் பார்த்து, இந்த முறை புள்ளிகளை எண்ணி, என்டரைத் தட்டினான்.

முப்பது சதவீதத்தில் அந்த வாசனை வந்தது. தேநீரை முகர்ந்தான், அதில் இல்லை. படுக்கைப் புண்ணுக்குத் தடவும் களிம்பின் நெடி, அதன் அடியில் புண்ணின் நெடி, மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்த அந்த வீட்டில், மூடியிருந்த அப்பாவின் அறைக்கதவின் கீழிடுக்கு வழியாகத் தண்ணீர் போலப் பரவி வந்தது. அந்த அறையில் இப்போது பழைய அட்டைப்பெட்டிகள்தான் இருக்கின்றன. எலி ஏதாவது செத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எலிக்குக் களிம்பு தடவுவது யார் என்று மனசு கேட்டது. சிரிப்பு வரவில்லை.

அறுபதில் சத்தம். புஸ்... டக். புஸ்... டக்.

ஆக்சிஜன் மெஷின். வாடகைக்கு எடுத்தது. காரியம் முடிந்த மறுநாளே அவன்தான் அதைப் படியிறக்கித் திருப்பிக் கொடுத்தான். மறுபக்கம் பிடித்தது யார்? நினைவில்லை. அன்று மழையா? சுடுகாட்டுக்கு யாரெல்லாம் வந்தார்கள்?

ஒரு முகமும் வரவில்லை.

போனை எடுத்தான்.

"அக்கா, அப்பா செத்து மூணு மாசம் ஆச்சுல்ல?"

"வாயைக் கழுவுடா! நாளைக்கு வரேன்னு காலைலதானே சொன்னேன்? மதிய மாத்திரை குடுத்தியா?"

போனை வைத்தான். திரையில் நூறு. அதன் கீழே, அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கிலேயே பதிந்துகொண்டு வரும் மீட்புக் குறிப்புகள். ஒன்பதாம் தேதிப் பிரதி, மீட்கப்பட்டது. ஒன்பதாம் தேதிப் பிரதி, மீட்கப்பட்டது. வரிகளை எண்ணினான். பன்னிரண்டு. இன்றையது தவிர ஒன்றுகூட அவனுக்கு ஞாபகமில்லை.

புஸ்... டக்.

அறைக்கதவு இப்போது லேசாகத்தான் சாத்தியிருந்தது. தள்ளினான்.

அட்டைப்பெட்டிகள் இல்லை. கட்டில். குழாய். மூக்கைச் சுற்றிய பிளாஸ்டர். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றாக இறங்கின. அப்பாவின் கண்கள் கதவையே பார்த்திருந்தன, வெகுநேரமாக.

அவனுக்குள் முதலில் பொங்கியது சந்தோஷம். அதுதான் கொடுமை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது.

"அப்பா... வலிக்குதாப்பா?"

நோயில் விழுந்த நாளிலிருந்து எத்தனை தடவை கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா" என்றே சொன்னவர். உதட்டை நனைத்துக்கொள்ள முயன்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வலிக்குதுடா."

புஸ்... டக்.

"நாளைக்குக் காலைல ஆறரைக்குச் சாவேன். முக்கால் மணி நேரம் ஆகும். மூச்சு வராது. நீ தலைமாட்டுல உக்காந்து பார்த்துட்டே இருப்ப. பன்னெண்டு தடவை செத்தாச்சு. உனக்கு எல்லாம் மறந்துடுது. எனக்கு எதுவும் மறக்கலை."

அவன் அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.

"இனிமே திருப்பிப் போட மாட்டேன்னு சொல்லப்போற," என்றார் அப்பா. "ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்ற."