முப்பத்துமூன்றாவது கதியால்

அளவுநாடாவில் நாற்பது சென்டிமீட்டர் குறைந்தது.

பிரியந்தி மறுபடியும் அளந்தாள். கொட்டில் சுவரில் அடித்த ஆணியிலிருந்து வேலியின் முதல் மரம்வரை வைகாசியில் பன்னிரண்டு மீட்டர். அவளே தன் கையால் எழுதியது. இன்று, ஐப்பசியின் ஈர மாலையில், பதினொன்று அறுபது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற இந்தக் குளிர்தேசத்து ஊரின் வயல்களை நீள நீளமாகப் பிரித்த பழைய உயிர்வேலி அது. முள்மரமும் காட்டு அப்பிளும் மேப்பிளும் இருநூறு வருசமாக ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நின்றன, அழுகிய அப்பிள் மணத்துக்கு அடியில் நனைந்த கம்பளியைப் போல வேறொரு மணமும் நின்றது. சனிக்கிழமை இதைப் பார்க்க நூற்றிருபது பேர் வருகிறார்கள். வேலியின் நடுவிலுள்ள பொட்டால், அந்த இடைவெளியால், நுழைந்து மறுபக்கம் போவதுதான் வேலியோரம் போட்ட நடைபாதையின் விசேசமே. வேலியைப் பற்றிய அவளுடைய அறிக்கையில் பிழை வந்தால் வேலை நிரந்தரமாகாது. வீட்டின் முதல் பட்டதாரி; மூன்று வருசம் ஒப்பந்தத்தில் இழுபட்டவள். இனி இழுபடுவதாக இல்லை.

யாரோ ஆணியை இடம் மாற்றி அரக்கியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா ஒரு முழ வேலிக்காகச் சொந்தத் தமையனோடு பதினொரு வருசம் வழக்காடியவர். வேலி தானாக நடக்காது, நடத்துகிறவன் ஒருத்தன் இருப்பான். இங்கே இருக்கிற ஒருத்தர், புல்லு வெட்டுகிற அருமைநாதன்.

கொட்டிலுக்குள் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஆணியைக் கழட்டி அடிச்சனீங்களோ?"

"நான் ஏன் பிள்ளை கழட்டுறன்? அது துருப்பிடிச்சுக் கிடக்கு, பார்."

"அப்ப வேலியில கை வைச்சது ஆர்?"

அவர் கோப்பையை வைத்தார். "நடுவில ஒரு பொட்டு இருந்ததெல்லே. மான் பூருது எண்டு அதில ஒரு கதியால் நட்டனான். அதே வேலியில வெட்டின கொப்புத்தான். ரெண்டு கிழமையில துளிர்த்திட்டுது."

ஐப்பசியில் இங்கே எதுவும் துளிர்க்காது. விவசாயம் படித்தவளுக்கு அது தெரியும். ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"சனம் போற வழியை அடைச்சுப்போட்டு என்னட்டப் பெருமை கதைக்கிறீங்கள். போய்ப் பிடுங்குங்கோ."

"நேற்றுப் பிடுங்கிப் பார்த்தனான். அது திருப்பி இழுத்தது."

"நல்ல சாட்டு."

"ஓம், படிச்ச பிள்ளையள் எங்களை நம்பமாட்டியள்தானே." செம்மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தோட்டக் கையுறையை இழுத்துவிட்டபடி போனார்.

அவள் நாடாவை ஆணியில் கொளுவி, மறுமுனையை முதல் மரத்தில் இறுக்கிக் கட்டினாள். இனி யார் அரக்கினாலும் தெரிந்துவிடும். காற்று இல்லை. இருந்தும் வேலியின் நடுவில் இலைகள் உரசின, பிறகு ஈரக் கயிற்றை முறுக்குவது போல ஒரு நீண்ட நெரிபடும் சத்தம், பிறகு அதுவும் நின்றது.

"அங்கிள்?"

வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தாள், ஆளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு மறுபக்கத்தால் பஸ்ஸுக்குப் போயிருப்பார். வேலை செய்யாமலே. அப்படித்தான் இருக்கும்.

அறிக்கைக்காக மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். பொட்டுவரை முப்பத்தொன்று. வைகாசியில் எழுதியதும் அதுதான். முப்பத்திரண்டாவது அவர் நட்ட கதியால். பிடுங்கப்படவில்லை. தளதளவென்று துளிர்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

முப்பத்துமூன்று.

பட்டையைத் தொட்டாள். சூடு. தேத்தண்ணி மணம். நெஞ்சு உயரத்தில் செம்மஞ்சள் துணி, அதன்மேல் பட்டை உதடுபோல மூடியிருந்தது. கொஞ்சம் கீழே, கையுறை. ஐந்து விரல்நுனிகளிலும் இளந்துளிர். ஒன்று இப்போதுதான் விரிந்தது.

பக்கத்தில் பொட்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு ஆள் அகலம். அவளுடைய தோள் அகலம்.

பிரியந்தி கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இறுக்கிக் கட்டிய நாடா புல்லில் தொய்ந்து கிடந்தது.

இன்னும் தொய்ந்துகொண்டிருந்தது.