மூன்று பேருக்கு ஒரு மூச்சுப்பை

உப்பாற்றங்கரைப் பல்கலைக்கழகத்துக்குள் யாரும் தனியாக நுழைய முடியாது. துணைவேந்தரே ஆனாலும், வாசலில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கிருமிச் சோதனைக்காக ஒரே மூச்சுப்பையில் ஊத வேண்டும். தனித்தனியாகச் சோதிக்கக் கிட் கட்டுப்படியாகாதாம். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் மூவருக்கும் வாசலை ஒட்டிய தனிமனையில் ஒரு வாரம். அதனால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிட முக்கூட்டுக்குத்தான் அதிகம் பொருத்தம் பார்ப்பார்கள்.

என் முக்கூட்டு நசீமாவும் கதிரேசனும். அன்று எனக்கு வாய்மொழித் தேர்வு. என் கடற்பாசி ஆராய்ச்சிக்கு முடிவு சொல்ல வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். திரையில் பேசுவது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியாமல் போன பிறகு, தேர்வென்றால் ஒரே அறையில், நேருக்கு நேர்தான். தவறவிட்டால் அடுத்த தவணை ஆறு மாதம் கழித்து. கொச்சியில் எனக்குக் கிடைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

அப்படிப்பட்ட நாளில், அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவள், பலமாக ஒரு தும்மல் போட்டேன்.

கதிரேசன் இரண்டடி தள்ளிப் போனான். "தப்பா எடுத்துக்காத பெனடிக்டா. நாளைக்கு அக்காவுக்கு நிச்சயதார்த்தம். நான் மாட்டுனா வீட்ல கொன்னுருவாவ."

நியாயம்தான். ஆனாலும் அழுகை முட்டியது. நசீமா மட்டும் என் கையை விடவில்லை. "நான் நிக்கேன்லா. மூணாவது ஆளத் தேடுவோம்."

தும்மியவளோடு யார் ஊதுவார்? வரிசையே பின்வாங்கியது. ஓரமாக இன்னொருவர் நின்றிருந்தார். முகக்கவசம், கையில் பெட்டி, நரைத்த தலை. வெளியூர்க்காரரை எந்த முக்கூட்டும் சேர்க்காது.

"சார், எங்ககூட ஊதுறீங்களா? ஆனா எனக்குத் தும்மல் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கும் தொண்டை கரகரங்குது. காலையிலருந்து ஒருத்தரும் சேத்துக்கல. நீங்களும் யோசிச்சுக்கோங்கம்மா."

யோசிக்க நேரமில்லை. ஊதினோம். சிவப்பு.

தனிமனைக் கூடத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என் நெறியாளர் மரகதம் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அழாத பிள்ள, தேர்வாளரும் இன்னும் வரல. இரு, அவருக்கு அடிச்சுப் பாக்கேன்" என்று வைத்தார்.

எதிர் நாற்காலியில் பெட்டிக்காரரின் போன் அடித்தது.

"மன்னிக்கணும் மேடம், கேட்லயே மாட்டிக்கிட்டேன். சிவப்பு விழுந்துருச்சு. ரெண்டு பிள்ளைங்க பாவப்பட்டுச் சேத்துக்கிட்டாங்க, அவங்களும் என்னோட மாட்டிக்கிட்டாங்க. தேர்வுக்குக் காத்திருக்குற அந்தப் பெனடிக்டாகிட்ட எப்படியாவது..."

நசீமா சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்தார்.

ஒரே அறை, நேருக்கு நேர். விதிப்படி குறையொன்றுமில்லை என்று மறுநாளே தனிமனைக்குள் தேர்வை வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துறை முழுக்கக் கூடியிருந்தது. முகக்கவசத்துக்குள் இருமி இருமியே தேர்வாளர் என்னை வறுத்தெடுத்தார். கடைசியில் அவர் முடிவைச் சொன்னதும் வெளியே கைதட்டல், உள்ளே நசீமாவின் குலவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தனிச்சோதனை முடிவும் வந்தது. கிருமி அவருக்கு மட்டும்தான். என் தும்மலுக்குக் காரணம் பட்டுச்சேலைக்குள் அம்மா வைத்திருந்த அந்துருண்டை.

தனிமனையிலிருந்து வெளியேறவும் மூவராக ஊத வேண்டும். வாரம் முடிந்த காலை, தேர்வாளரோடு ஊத அலுவலகத்திலிருந்து இருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டி எங்களிடம் வந்து கைகூப்பினார்.

"முனைவர் பெனடிக்டா, ஒரு மூச்சு தருவீங்களா?"

சிரித்துக்கொண்டே ஊதியதில் பை நிறையவே இல்லை. மறுபடி ஊத வேண்டியதாயிற்று.