பாசியில் பூத்த வெள்ளை

மாடியில் காயப் போட்டிருந்த கடற்பாசி நினைவுக்கு வந்து நஃபீஸத் படியேறி ஓடியபோது மழை வலுத்துவிட்டிருந்தது. பாசியைக் காணோம்... திரும்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், தொப்பலாக நனைந்த ஒருவன் தொட்டியில் அதை மூன்றாம் முறையாக அலசிக்கொண்டிருந்தான்.

"மழைக்கு எடுத்துட்டு வந்தேன். ஒரே உப்பாப் பூத்துக் கெடந்துச்சு, நல்லாக் கழுவிட்டேன்" என்றான். அழகான கண்கள்தான். ரசிக்கும் நிலையில் அவள் இல்லை.

"அது உப்பு இல்ல. சீனி."

காய்ந்த பழுப்புப் பாசியின் மேல் வெண்பொடியாகப் படிவது ஒருவகைச் சர்க்கரை; தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். அதைப் பிரித்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பிளாஸ்டிக் செய்யும் மூலப்பொருளாக மாற்றுவதுதான் அவள் ஆராய்ச்சி. அடுத்த வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழுவின் முன் அந்தப் பொருளைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

அவன் பெயர் சல்மான் ஃபாரிஸ். பக்கத்து அறைக்குப் புதிது. வாழைத்தண்டுச் சர்க்கரையில் அதே வேலையைச் செய்பவன். ஆற்றங்கரை வயலிலிருந்து வரும் தண்டில் சேறு அப்பியிருக்கும். மூன்று முறை கழுவாமல் எதையும் தொடமாட்டான். பழக்கதோஷம்.

மறுநாளிலிருந்து தினமும் விடியுமுன் பைக்கில் குலசேகரன்பட்டினம் போய், கரை ஒதுங்கிய பாசியைப் பொறுக்கி வந்தான். அவள் பையை வாங்கிக்கொண்டாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பு கேட்டான். அவள் பாசியை எடைபோடத் திரும்பிக்கொண்டாள். "பொருள் வந்துட்டா?" என்பான். இல்லையென்று தலையசைப்பாள். அவன் வர ஒன்பது மணி ஆகும்; எட்டரைக்கே அவள் ஜன்னலருகே நின்றாள்... கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சிறு குப்பியில் வெள்ளைப் படிகத்தைக் குழு பார்த்தது. ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னது. வெளியே வராந்தாவில் காத்திருந்த அவனிடம் அவளே போனாள்.

"பொருள் செவ்வாக்கெழமையே வந்துட்டு."

அவன் விரல்விட்டு எண்ணினான். புதன், வியாழன், இன்று. மூன்று நாளும் நல்ல மழையில் நனைந்துதான் பாசி பொறுக்கியிருந்தான்.

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா..." அவள் முகம் சிவந்தது. "அப்புறம் நீங்க வரமாட்டிய. எனக்கு நீங்க வரணும்."

அவன் பைய, "அப்ப நாளைக்கு?" என்றான்.

"வாங்க. பாசி வேண்டாம்."