ஏந்துவானுக்கு எவ்வளவு?

அன்று காலை உமையாள் ஓர் இளைஞனின் அடுத்த பதினான்கு ஆண்டுகளைப் பார்த்து முடித்தபோது, பக்கத்தில் வைத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது. ஐந்தாம் ஆண்டில் அவனுக்குப் பெண் குழந்தை பிறக்கும். அந்த வாரம் மட்டும் இரண்டு பந்தைத் தவறவிடுவான். ஒன்பதாம் ஆண்டில் இடது முழங்கால் வீங்கும். பதினான்காம் ஆண்டில் ஓய்வு பெறுவான். இத்தனையையும் இருபது நிமிடத்தில் காட்டிவிட்டு, தொண்ணூற்று மூன்று என்று எண் போட்டது எந்திரம். உமையாள் வேறு காபி கேட்டாள்.

எந்திரத்தின் அரசாங்கப் பெயர் 'வருநிலை மதிப்பி'. ஊரில் எல்லோருக்கும் அது தராசுதான். செவ்வாய்க் கிரகத்தின் குவிமாட நகரங்களில் தராசு எடை போடாத ஆளைப் பார்ப்பது அரிது. அங்கே பிறந்த அத்தனை பேருக்கும் செவ்வாய் தோஷம் என்று ஆகிவிட்டதால், ஜாதகம் பார்க்கும் வழக்கம் ஒரே தலைமுறையில் நின்றுபோயிருந்தது. காலியான அந்த நாற்காலியில் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரித் தட்டைத் தொடுவதற்கு முன்னால் எண்ணைக் கேட்டார்கள்.

ஆனால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது கால்பந்து மதிப்பீட்டைத்தான். அமெரிக்கர்கள் கொண்டுவந்த கால்பந்து அது. பெயரில்தான் கால், பந்து இருப்பதெல்லாம் கையில். பலாக்கொட்டை வடிவத்தில் இருக்கும் அதை ஒருவன் எட்டாத தூரத்துக்கு எறிய, மைதானத்தின் ஓரமாக ஓடிப்போய் இன்னொருவன் பிடிக்க வேண்டும். பிடிப்பவனை ஓர ஏந்துவான் என்பார்கள். பூமியில் மூன்று நொடியில் தரைக்கு வந்துவிடும் பந்து செவ்வாயின் இளைத்த ஈர்ப்பில் ஏழு நொடி காற்றில் இருக்கும். ஏந்துவானும் தன் தலை உயரத்துக்கு மேல் எழும்புவான்.

கல்லூரிகளிலிருந்து வரும் ஏந்துவான்களில் எவன் தொழில்முறை அணிக்குத் தேறுவான் என்று சொல்வது உமையாளின் உத்தியோகம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை தராசு போடும். கடைசி ஐந்தை மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்துப் போட வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. பதினாறு வருஷமாக அந்த மனிதர் உமையாள். அணியில் சேரத் தொண்ணூற்றேழு வேண்டும்.

காபி வருவதற்குள் அம்மா அழைத்துவிட்டார்.

"அந்தச் சுரங்கத்துப் பையனுக்கு எவ்வளவுடி?"

"இன்னும் நான் போடலைம்மா. சாயங்காலம் தெரியும்."

"ஊருக்கெல்லாம் எண் போடறே. உனக்கு எவ்வளவுன்னு யாராவது கேட்டா நான் முழிக்க வேண்டியிருக்கு."

மதிப்பிடுபவரை யாரும் மதிப்பிடக் கூடாது என்பது விதி. நாற்பத்தோரு வயது மகளுக்கு ஓர் எண்கூட இல்லாதது அம்மாவுக்குத் தீராத மனக்குறை.

தராசு தொண்ணூற்று மூன்று போட்ட அந்தச் சுரங்கத்துப் பையனின் பெயர் ஜெபசிங். தென்துருவத்துப் பனிச்சுரங்கக் குடியிருப்பில் பதின்மூன்றே மாணவர்கள் படிக்கும் கல்லூரியிலிருந்து வந்திருந்தான். மைதானத்தில் இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் உமையாள் பத்து நிமிடம் பேச வேண்டும். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"கை ஏன் தம்பி இப்படி?"

"பனி மேடம். கையுறையக் கழட்டிட்டுத்தான் பிடிப்பேன். இல்லன்னா பந்து வந்து சேந்தது தெரியாதுல்லா."

"உங்க டீம்ல யார் எறியறது?"

"டீம் எங்க மேடம் இருக்கு? படிப்பு போக மத்த நேரம் எல்லாரும் துளை போடப் போயிருவானுவ. கூட்டாளி சாமுவேல் எறிவான், நான் பிடிப்பேன். அவ்வளவுதான்." அவன் தயங்கினான். "முழு ஆட்டம் ஒண்ணுகூட ஆடுனதில்ல மேடம். அந்தப் பக்கம் பதினோரு பேரு, இந்தப் பக்கம் பதினோரு பேருன்னு நின்னு ஒரே ஒரு தடவ ஆடிப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

எல்லாப் பையன்களும் இப்படி எதையாவது மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். உமையாள் 'ஆர்வம்: நன்று' என்று குறித்துக்கொண்டாள்.

அரங்கில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். கீழே ஜெபசிங் வெறும் காலோடு நின்றான். எறிபொறி பன்னிரண்டு பந்துகளை எறிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் நாற்பதாயிரம் தலைகளும் மேலே இருந்த எண் பலகையைப் பார்த்தன. விரல் அகலம் இவ்வளவு, திரும்பும் வேகம் இவ்வளவு என்று பலகையில் ஓட ஓட, கூட்டம் கூச்சல் போட்டது, கணக்குப் போட்டது, போன வருஷத்து ஆளோடு ஒப்பிட்டுச் சண்டை போட்டது. பந்தைப் பார்த்தவள் உமையாள் ஒருத்திதான். கண்ணால் பார்க்கச் சொல்லித்தான் அவளுக்குச் சட்டம்.

கடைசிப் பந்து மேலே போனபோது குவிமாடத்தின் காற்றுப்போக்கி ஒன்று திறந்துகொண்டது. பந்து வலப்பக்கம் சரிந்தது. ஓடிக்கொண்டிருந்த ஜெபசிங் சட்டென்று நின்றான். ஒரு நொடி. இரண்டு நொடி. கொஞ்சமும் அவசரமில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பந்து போகாத திசையில் ஓட ஆரம்பித்தான். பையன் குழம்பிவிட்டான் என்று உமையாள் நினைத்தாள். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பிய காற்று, பந்தை அவனிடமே தள்ளிக்கொண்டு வந்தது. அவன் எழும்பினான். எழும்பி, போதும் என்ற இடத்தையும் தாண்டிப் போய், உடம்பு முழுவதையும் நீட்டி, வெடித்த விரல்களின் நுனியில் அதை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு மெதுவாக இறங்கினான்.

உமையாளுக்கு மூச்சு நின்றுவிட்டது. நான்காயிரம் ஏந்துவான்களைப் பார்த்தவள் அவள். இப்படி ஒன்று ஒரு மனித உடம்புக்கு முடியும் என்று அன்றுவரை அவளுக்குத் தெரியாது. கை தானாகவே ஐந்தை அழுத்தியது. பலகையில் தொண்ணூற்றெட்டு என்று வந்தபோதுதான் கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

மாலைக்குள் அரங்கம் காலியாகிவிட்டது. அடுத்த வருஷம் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டே எல்லோரும் போனார்கள். உமையாள் ஒப்பந்தத் தகட்டோடு கீழே இறங்கி வந்தாள்.

"விரல் வைங்க தம்பி. வடக்கு அணி உங்களை எடுத்துக்கிட்டாங்க."

ஜெபசிங்கின் முகம் மலர்ந்தது. "முதல் ஆட்டம் என்னிக்கு மேடம்?"

"எந்த ஆட்டம்?"

"ஆட்டம் மேடம். பதினோரு பேரு."

அவன் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதெல்லாம் நிறுத்தி அறுபது வருஷம் ஆச்சே தம்பி. உங்களோட பதினாலு வருஷ ஆட்டமும் தராசுக்குள்ள காலைலயே நடந்து முடிஞ்சுருச்சு."

"இல்லையே. ஞாயித்துக்கிழமை தவறாம முடிவு வருதே. வடக்கு முப்பத்தொண்ணு, கிழக்கு இருபத்தெட்டுன்னு. எங்க ஊருக்குப் படம் வராது, முடிவு வரும்."

"ரெண்டு பக்கத்து எண்ணையும் தராசுல போட்டா வர்ற முடிவு அது. முன்னாடி ஆடித்தான் பாத்தாங்க. ஆயிரம் ஆட்டத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது தராசு சொன்னபடியே முடிஞ்சுது. அப்புறம் யாரு உக்காந்து பார்ப்பா? மதிப்பீட்டுக்குத்தான் கூட்டம் வந்தது." அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "கையெழுத்துப் போட்டப்புறம் பந்தையும் தொடக்கூடாது. அடிபட்டா எண் குறையும்."

ஜெபசிங் தரையில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடு ஒன்று இருக்கைகளுக்கு அடியில் போய் மறைவதைப் பார்த்தான். பழைய மைதானத்தில் முக்கால்வாசி அந்த நாற்காலிகளுக்குக் கீழே கிடந்தது. குனிந்து, கடைசியாகப் பிடித்த பந்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு எறியுங்க."

"நானா? நான் பந்தைத் தொட்டதே இல்லப்பா."

"பரவால்ல. சாமுவேலும் அப்படித்தான் எறிவான்."

அவன் ஓடத் தொடங்கிவிட்டான். உமையாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். பந்து கோணலாகக் கிளம்பித் தள்ளாடி, அவன் ஓடிய பக்கத்தை விட்டு நாற்காலி வரிசைகளின் மேல் போனது. போச்சு என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் திரும்பினான். ஒரு நாற்காலி முதுகில் கால் வைத்தான், அடுத்ததில் வைத்தான், அங்கிருந்து எழும்பினான். பார்க்க நாற்பதாயிரம் பேர் இல்லை, பலகையில் எண்ணும் இல்லை. அந்தக் கோணல் பந்து அவன் கைக்குள் போய் அடங்கியது.

அவன் சிரித்த சிரிப்பு குவிமாடம் முழுக்கக் கேட்டது. உமையாளும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் அவள் கண்ணில் நீர் வந்தது. தன் கையிலிருந்து போனதை இன்னொருவர் கை வாங்கிக்கொள்வது இத்தனை பெரிய விஷயம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"இதுதான்க்கா ஆட்டம்," என்றான் அவன். "ஆனா சாமுவேல விட மோசமா எறியுதீங்க."

அவன் தகட்டில் விரல் வைக்கவில்லை. அடுத்த தெற்கு வண்டியில் ஊருக்குத் திரும்பினான். பந்தையும் எடுத்துக்கொண்டு போனான், உமையாள் தடுக்கவில்லை.

அரங்கத்துத் தராசை யாரும் அணைப்பதில்லை, தான் எறிந்ததையும் அது எடை போட்டிருக்கும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். மதிப்பிடுபவரை மதிப்பிடக் கூடாது என்றுதான் விதி. எறிபவரைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் ஏறிய ரயிலில் இரண்டு பேர் அவளுடைய மணிக்கட்டைப் பற்றிக் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷத்து எறிவோர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

அம்மா அழைத்தார். குரலில் பதினாறு வருஷத்துக் குறை தீர்ந்த குதூகலம்.

"உன் எண் பதினொண்ணாம்டி. குறைச்சல்தான். ஆனாலும் கேக்கறவங்களுக்குச் சொல்ல ஒண்ணு ஆச்சு."

"அம்மா, நான் கோணலா எறிஞ்சேன். அவன் எங்கேயோ இருந்து வந்து பிடிச்சாம்மா. என் ஆயுசுல நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல."

"அது இருக்கட்டும். எதிர்வீட்டு சௌமியா போன வருஷம் இதே எறியறதுக்குத்தான் போனா. அவ எண்ணை இப்பதான் அவங்கம்மா வாய்விட்டுச் சொன்னா."

அதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் உமையாள் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.