நூறைத் தொட்ட ஊர்

தாழைக்குடியின் ஊர்ப்பலகை மறுபடியும் நூறைக் காட்டியது. தெருவில் ஜிலேபி கொடுத்தார்கள். பிலோமினா தன் பங்கை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

எல்லார் மணிக்கட்டிலும் நலமானி இருந்தது. அது நோயை அளப்பதில்லை. ரத்தத்தில் கரைந்திருக்கும் கவலையை அளக்கும். கவலை குறையக் குறைய எண் ஏறும். ஓர் ஊரைத் தத்தெடுக்கும் நிறுவனம் ஊர்ப்பலகையில் தெரியும் சராசரியை எவ்வளவு ஏற்றுகிறதோ, அவ்வளவுக்கு அதன் வரி குறையும். நிறைகுடம் நிறுவனம் தாழைக்குடிக்கு வந்தது அப்படித்தான். குடிநீர், பள்ளிப் பேருந்து, டயாலிசிஸ் கூடம் எல்லாம் அதனுடையவை. பிலோமினாவின் கணவர் அந்தோணியின் உயிர் அந்தக் கூடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நூறுக்கு மேல் எண் கிடையாது. ஏற இடமில்லாத ஊரால் நிறுவனத்துக்கு ஆதாயமும் கிடையாது.

போன ஆண்டு நூறு வந்தபோது, நிறுவனத்தின் அலுவலர் சுதர்சன் ஒலிபெருக்கியில், "நாளைக்குப் போறோம்" என்றான். விடைபெறும் வாய் சொல்லக்கூடாத சொல். ஊர் கதிகலங்கியது. விடிவதற்குள் எண் அறுபதுக்கு இறங்கிவிட்டது. மறுபடி ஏற்ற இடம் கிடைத்ததால் நிறுவனம் தங்கியது.

இந்த ஆண்டும் அதே ஒலிபெருக்கி. சுதர்சனின் சொல்தான் மாறியது. "போயிட்டு வாரோம்" என்றான்.

ஊர் சிரித்தது. "வருவாவ, வருவாவ. போன வருசமும் இதே கூத்துதான?" என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா. பலகை அசையவில்லை.

பிலோமினா கூடத்துக்கு ஓடினாள். இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுதர்சன் பக்கத்தில் நின்றான்.

"தம்பி, போறோம்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. ஊரு பயந்துரும். நீங்களும் இங்கயே இருக்கலாம்."

"சொல்லணும்னுதான் மைக்கைப் பிடிச்சேன் அக்கா. வாய் வரல."

"போன வருசம் வந்துச்சுல்லா?"

"அப்ப நான் புதுசு. யாரையும் தெரியாது. இப்ப உங்க வீட்டு மீன்குழம்பு சாப்பிட்டவன்." சுதர்சன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "மைக்கையும் கழட்டிட்டாங்க."

"அவிய திரும்பி வரமாட்டாவ" என்று தெரு நெடுகக் கத்திக்கொண்டே பிலோமினா வீடு திரும்பினாள். கேட்டவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்தோணி கட்டிலில் சாய்ந்திருந்தார். "ஏ பிலோ, எதுக்குப் பதறுத? போயிட்டு வாரோம்னுதான அந்தத் தம்பி சொன்னான்? நல்ல குடும்பத்துப் பிள்ள. அந்த ஜிலேபிய இங்க தா."

கொடுத்தாள். வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் மணிக்கட்டில் நூறு பச்சையாக எரிந்தது. அவள் மணிக்கட்டில் ஏழு.

அந்த ஏழு, பலகையின் நூறில் ஒன்றைக்கூடக் குறைக்கப் போதவில்லை.